கண்ணகி வழக்கு

கண்ணகி வழக்கு என்பது மதுரையில் பாண்டியன் அவையில் கண்ணகி தன் கணவன் கோவலனுக்காக எடுத்துரைத்த முறையீட்டையும், அதைச் சூழ்ந்த நிகழ்ச்சிகளையும் குறிக்கும். இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரம் முப்பது காதைகளைக் கொண்டது. அவற்றுள் இருபதாவதான வழக்குரை காதையில் இவ்வழக்கு நடைபெறுகிறது. குடும்பக் கதையாகப் புகாரில் தொடங்கும் காப்பியம் இந்த இடத்தில் அரசியல் அவலமாக மாறுகிறது. இலங்கையில், குறிப்பாக வன்னியிலும் கிழக்கிலும், ஏட்டிலும் கூத்திலும் கோயில் சடங்கிலும் மக்கள் இன்றுவரை பேணி வருவது பெரும்பாலும் இந்தப் பகுதியையே.

அவலத்தின் வித்து அரசனின் அவசரம். ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் மனம் தோய்ந்திருப்பதைக் கண்ட கோப்பெருந்தேவி, தலைவலி என்று சொல்லி அவையை விட்டு எழுந்து போகிறாள். அவளது ஊடலைத் தணிக்க அரசன் அந்தப்புரம் நோக்கி விரைகிறான். அந்த வேளையில், கண்ணகியின் சிலம்பை விற்கக் கோவலன் நாடிய பொற்கொல்லன் வழிமறித்து, தேவியின் சிலம்பைத் திருடியவன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். அரசன் சாட்சி கேட்கவில்லை, அமைச்சரைக் கூப்பிடவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று அதைக் கொண்டுவருமாறு காவலருக்குக் கட்டளையிடுகிறான். சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறு என்று உரைகாரர் சமாதானம் சொல்வதுண்டு. அந்தச் சமாதானம் தேவையற்றது. கொடுங்கோலனாக இல்லாத ஒருவன் ஒரு மாலைப்பொழுது மட்டும் அரசனாக இருக்க மறந்தான் என்பதே காப்பியத்தின் குற்றச்சாட்டு. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அவல நாடகத் தலைவனுக்குச் சொன்ன இலக்கணமும் இதுவே: அவன் தீயவன் அல்லன், பெரிய தவறு ஒன்றைச் செய்தவன்.

சொல்வன்மையின் இருண்ட முகம் கொலைக்களக் காதையில் தெரிகிறது. கோவலனை நேரில் பார்த்த காவலர் தயங்குகிறார்கள். அவன் முகத்தில் கள்வனின் குறி எதுவும் இல்லை, இவன் கொல்லப்பட வேண்டியவன் அல்லன் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். பொற்கொல்லன் அவர்களை இகழ்ந்து சிரித்துவிட்டு ஒரு விரிவுரையே நிகழ்த்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று களவு நூல் கூறும் எட்டுத் துணைகளையும் ஒவ்வொன்றாக விளக்குகிறான். இத்தனை துணை உள்ளவன் முகத்தில் களவு தெரியுமா என்பது அவன் வாதம். அதாவது குற்றத்துக்கு அடையாளம் இல்லாததையே குற்றத்துக்கு அடையாளமாக மாற்றிவிடுகிறான். இளங்காவலன் ஒருவன், முன்னொரு நாள் கள்வனொருவன் தன் வாளையே பறித்து மாயமாய் மறைந்த கதையைச் சொல்லி அச்சத்தைக் கூட்டுகிறான். பேச்சு முடியுமுன்னே, எதையும் சிந்திக்காத குடிகாரக் காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஐயப்பட்டவர்கள் எல்லோரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

கண்ணகியின் பேச்சு இதற்கு நேர்மாறு. நீளமில்லை, நூலறிவைக் காட்டும் ஆசையில்லை. ஆராயாத அரசன் என்று முகத்துக்கு நேரே சொல்லித் தொடங்குகிறாள். புறாவின் துயர் தீர்த்த சோழனையும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் நினைவூட்டித் தன் ஊர் புகார் என்கிறாள். பாண்டியனின் அவையில் சோழரின் நீதியை அளவுகோலாக வைப்பது துணிச்சல் மட்டுமல்ல, அரசனின் மானத்தைக் குறிபார்த்து எய்த அம்பு. கள்வனைக் கொல்வது அரச நீதிதான் என்று அரசன் பதில் சொல்கிறான். அதைக் கண்ணகி மறுக்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்ற ஒரே செய்தியைச் சொல்கிறாள். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் தானே ஒப்புக்கொள்கிறான். காவலர் கொண்டுவந்த சிலம்பை அவன் எடுத்து வைக்கச் சொல்கிறான், அவள் உடைக்கிறாள், மாணிக்கப் பரல் அரசனின் வாயருகே தெறிக்கிறது. தன் சொல் பொய்த்தால் அவையோர் கண்முன்னே தோற்றுப்போகும் சோதனையை அவள் தானே முன்வைத்தாள் என்பதில்தான் இந்த வாதத்தின் வலிமை இருக்கிறது.

தவறு வெளிப்பட்டதும் பாண்டியன் காவலரையோ பொற்கொல்லனையோ காட்டித் தப்பிக்க முயலவில்லை. கள்வன் தானே என்று தீர்ப்பளித்து, அரியணையில் வீழ்ந்து இறக்கிறான். கோப்பெருந்தேவியும் உடன் இறக்கிறாள். அவனது வழு அவனைத் தவறச் செய்தது, அவனது மானம் அவனைக் கொன்றது. மானமற்ற அரசனாயிருந்தால் இந்த வழக்கில் கண்ணகி வென்றிருக்கவே முடியாது.

ஷேக்ஸ்பியரின் யூலியஸ் சீசர் நாடகம் இதனோடு ஒப்பிடத்தக்கது. கி.மு. 44-இல் சீசர் கொல்லப்பட்டதைப் பொருளாகக் கொண்ட அந்நாடகத்தில், மானமே உருவான புரூட்டசைக் காசியஸ் போலிக் கடிதங்களால் வளைக்கிறான். பொற்கொல்லனைப் போலவே அவனும் பிறருடைய நல்ல குணத்தையே கருவியாக்குகிறான். அந்தோனி சீசரின் குத்துண்ட மேலாடையையும் உயிலையும் காட்டி உரோமைத் தெருக்களைக் கொதிக்க வைக்கிறான். அவன் காட்டிய பொருள்கள் கூட்டத்தின் உணர்ச்சிக்கானவை. கண்ணகி காட்டியது நீதிபதியின் அறிவுக்கானது. ஆனால் முடிவில் இரண்டு நகரங்களிலும் தீ பரவுகிறது.

மதுரை எரிந்ததைக் காப்பியம் எளிதாகக் கடந்துவிடவில்லை. அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுத் தீயோரை மட்டும் சேருமாறு கண்ணகி தீக்கடவுளுக்குச் சொல்கிறாள். பிறகு மதுராபதித் தெய்வம் அவள்முன் தோன்றி, பாண்டியரின் செங்கோல் வரலாற்றையும், கோவலன் முற்பிறப்பில் குற்றமற்ற வணிகன் ஒருவனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்த கதையையும் சொல்லி அவள் சினத்தைத் தணிக்கிறது. பின்னர் கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலியிட்டான் என்றும் நூல் கூறுகிறது. ஒருவன் செய்த வஞ்சனைக்கு ஒரு தொழிற்குலமே உயிர் கொடுத்தது. ஆராயாமல் கொன்றதற்கான கழுவாயும் ஆராயாத கொலையாகவே அமைந்ததை இன்றைய வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது.

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் அங்கிருந்தான் என்று சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. சிங்களவர் கண்ணகியைப் பத்தினித் தெய்வமாக வழிபடுகின்றனர். ஈழத்துத் தமிழரிடையே கதை கண்ணகி வழக்குரை, கோவலனார் கதை, சிலம்பு கூறல் என்ற பெயர்களில் ஏட்டுப் பாடலாக வழங்குகிறது. இந்த வடிவத்தில் கண்ணகி பாண்டியனின் சோலையில் மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்டுப் புகார் சேர்கிறாள். அரசனின் வீழ்ச்சிக்குக் காரணம் ஒருநாள் அவசரம் மட்டுமன்று, முன்பே தன் மண்ணில் பிறந்த குழந்தையைத் தள்ளிவிட்டதும்தான் என்று கதை வேறொரு கணக்கு எழுதுகிறது.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலோரம் உள்ள வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயில் வன்னியில் இவ்வழிபாட்டின் நடுவிடம். மதுரையை எரித்துவிட்டுத் தெற்கே வந்த அம்மன் தங்கிய பத்தாவது இடம் இது என்பது மரபு. மாடு மேய்த்த சிறுவர்கள் முன் மூதாட்டியாகத் தோன்றி, எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை வார்த்து விளக்கேற்றச் சொன்னாள் என்ற ஐதீகத்தின்படி, வைகாசிப் பொங்கலுக்குக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு ஏற்றப்படுகிறது. பொங்கல் திங்கட்கிழமையில் நடைபெறும். இங்கே பாண்டியனைக் கண்டிப்பதல்ல நோக்கம்; எரிந்து வந்தவளைக் குளிர்வித்து, மழையும் நோயின்மையும் வேண்டுவதே நோக்கம்.

இதே வட்டாரத்தில் விடிய விடிய ஆடப்பட்ட கோவலன் கூத்து, முல்லைமோடி எனப்படும் இப்பகுதிக்குரிய ஆட்டப் பாணியைச் சேர்ந்தது. கோவலன் கொலையும் அவை வழக்கும் கதையின் உச்சங்கள்.

வன்னிக்குத் தனக்கென்று ஓர் அரசியல் அவலமும் உண்டு. ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றான். அங்கே நடப்பட்ட ஆங்கிலக் கல்வெட்டு வென்றவனின் பெயரில் செய்தியைச் சொல்கிறது. மக்கள் கதையோ மற்றொரு வன்னித் தலைவனான காக்கைவன்னியனின் காட்டிக்கொடுப்பைச் சொல்கிறது. முல்லைமணி அதைப் பண்டாரவன்னியன் என்ற நாடகமாக எழுதினார். பாண்டியன் தன் வழுவால் வீழ்ந்தான், பண்டாரவன்னியன் பிறர் வஞ்சகத்தால் வீழ்ந்தான். அதனால் பின்னவன் கதை வீரக் கதையாக மேடையிலும் சிலையிலும் நிற்கிறது. அவலம் என்ற பெயருக்கு முழுத்தகுதி உடையது மதுரை அவையில் நடந்ததே.