கல்குவாரி அரங்கம்

கல்குவாரி அரங்கம் என்பது கல் வெட்டியெடுத்தபின் கைவிடப்பட்ட குழியை நிகழ்கலைக்காக மாற்றியமைத்த திறந்தவெளி அரங்கு ஆகும்.

அமைப்பு: செங்குத்தாக வெட்டப்பட்ட பாறைமுகம் மேடையின் பின்சுவராக நின்று, ஒலியைப் பார்வையாளர் பக்கம் திருப்புகிறது. வெட்டுப்படிகளை இருக்கை வரிசைகளாக்கலாம்; இடைவெளிகளை அங்கேயே கிடக்கும் கழிவுக்கற்களால் உள்ளூர்க் கொத்தர்கள் சாந்தின்றி அடுக்கி நிரப்பலாம். மழைநீர் வடிகாலும் தளர்ந்த பாறைகளை அகற்றுவதும் இன்றியமையாதவை.

வரலாறு: ஜெர்மனியின் பாட் செகெபெர்க் நகரில் ஜிப்சம் வெட்டும் தொழில் 1931இல் நின்றது. 110 மீட்டர் உயரமாக இருந்த அங்குள்ள கால்க்பெர்க் குன்று அதற்குள் 91 மீட்டராகக் குறைந்திருந்தது. அக்குழியில் நாஜி ஆட்சி 1934–37இல் அரங்கு கட்டியது; 1952இல் எழுத்தாளர் கார்ல் மையின் கதைகளை அரங்கேற்றும் நாடக விழா தொடங்கியது. பிரான்சில் அவிஞ்ஞோன் அருகிலுள்ள பூல்போன் குவாரியில் 1985இல் நாடக இயக்குநர் பீட்டர் புரூக் மகாபாரதத்தை ஏறத்தாழ 9 மணிநேர நாடகமாக அரங்கேற்றினார். மண்தரை, நீர், நெருப்பு ஆகியவை அதன் முதன்மை அரங்கப்பொருள்கள். ஸ்வீடனின் ராட்விக் அருகே 60 மீட்டர் ஆழமுள்ள சுண்ணாம்புக்கல் குவாரி 1995இல் டால்ஹாலா இசையரங்காகத் திறக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 4,000 பேர் அமரலாம்.

முக்கியத்துவம்: சிதைந்த நிலத்துக்கு மறுபயன் தருவதோடு, கல்தொழிலின் தடயங்களையும் இவ்வரங்குகள் பாதுகாக்கின்றன.