கடமலை களஞ்சிய வட்டார சங்கம்

தேனி மாவட்டம் கடமலைக்குண்டு வட்டாரத்து ஏழைப் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு. மதுரையில் இயங்கும் தானம் அறக்கட்டளை வளர்த்த களஞ்சிய இயக்கத்தின் அங்கம். இந்த இயக்கம் 1990இல், பிரதான் அமைப்பின் கீழ், எம்.பி. வாசிமலை முயற்சியில் அலங்காநல்லூர்ப் பகுதியில் தொடங்கியது. தானம் 1997இல் தனி அமைப்பானது.

மூல வைகைக் கரையில் மானாவாரி நிலமும் கூலி வேலையுமே பலருக்குப் பிழைப்பு. கல்யாணம், காய்ச்சல், விதைப்பு எது வந்தாலும் கந்துவட்டிக்காரரிடம்தான் போக வேண்டியிருந்தது. அந்தப் பிடியைத் தளர்த்தவே களஞ்சியம் வந்தது. ஒரே ஊரைச் சேர்ந்த பதினைந்து, இருபது பெண்கள் பணம் சேர்ப்பார்கள். யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். வட்டி வருமானமும் குழுவிலேயே தங்கும். குழுக்கள் தொகுப்பாகி, தொகுப்புகள் வட்டாரச் சங்கமாகும்.

சங்கத்தின் பெரிய சாதனை 2000இல் தொடங்கிய பரஸ்பர மருத்துவக் காப்பீடு. உறுப்பினர்கள் செலுத்தும் சந்தாவே நிதி. அதிலிருந்து ஆஸ்பத்திரிச் செலவின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. தமிழக அரசின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009இல்தான். இந்தியாவின் சமூக மருத்துவக் காப்பீடு பற்றிய ஆய்வுகளில் கடமலை இடம்பெறக் காரணம் இந்தப் பரஸ்பரக் காப்பீடே.

பெண்கள் ஒன்றுசேர்ந்த இடத்துக்கு அரசியலும் வந்தது. களஞ்சியத் தலைவி சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டுப் பிரதமர் வாஜ்பாய் வணங்கியது 2001இல். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் 2024இல், தமக்கு வீடு கிடைக்கவில்லை என்று அவர் சொன்னதும் மத்திய, மாநில அரசுகளின் வீட்டுத் திட்டங்கள் விவாதத்துக்கு வந்தன. மாநில அரசு வீடு தர முன்வந்தது.

இதைவிட ஆழமான சர்ச்சை கடன் தள்ளுபடி. 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி வெளியான அதே நாளில், கூட்டுறவு வங்கிகளில் மகளிர் குழுக்கள் வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்வதாக அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஆட்சிக்கு வந்த தி.மு.க. 2,756 கோடி ரூபாய்த் தள்ளுபடியை அறிவித்தது. அதற்கு முன்பே கடனைக் கட்டி முடித்தவர்களுக்கும் வேறு வங்கிகளில் வாங்கியவர்களுக்கும் அதில் பங்கில்லை. தள்ளுபடி கேட்பது ஏழையின் உரிமைதான். ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் வரும் அறிவிப்பு, நாணயமாகக் கட்டிய குழுவைத்தான் தண்டிக்கிறது. சொந்தச் சேமிப்பில் நடக்கும் கடனை எந்தக் கட்சியாலும் தள்ளுபடி செய்ய முடியாது. களஞ்சியத்தின் பலம் அதுவே.

நிலம், கூலி கேட்டுப் போராட வேண்டியவர்களைத் தவணைக் கணக்கில் கட்டிப்போடுகிறது என்பது சிறுகடன் முறைமீது இடதுசாரிகள் வைக்கும் விமர்சனம். கடமலை வட்டாரத்தில் அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு, வருசநாட்டு மலையில் பயிர் செய்யும் குடும்பங்களின் வெளியேற்ற அச்சம் கூடியது. வன உரிமைச் சட்டப்படி பட்டா கேட்டு நடக்கும் அந்தப் போராட்டத்துக்குச் சேமிப்புப் புத்தகம் மட்டும் போதாது.