எல்லை ஆறு

கோடையில் ஒரு நாள், புதுக்கோட்டைக்குத் தெற்கே வெள்ளாற்றுப் பாலத்தின் மீது நின்றேன். கீழே வெறும் மணல்.

இது சாமானிய ஆறு அல்ல, நேயர்களே! வடகரை சோழநாடு, தென்கரை பாண்டிநாடு என்பது பழைய வழக்கு. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ரைன் நதிக்கரையில் மோதவில்லையா? அப்படித்தான் இங்கும் படைகள் மாறி மாறி எல்லை தாண்டின. நடுவே கொடும்பாளூர் வேளிர் சோழர் பக்கம் நின்றார்கள். மூவர் கோயிலைக் கட்டிய பூதி விக்கிரமகேசரி அவர்களில் ஒருவன்.

ஆனால் ரைனுக்கு ஆல்ப்ஸ் மலைப் பனி உண்டு; வெள்ளாற்றுக்கு மழையே கதி.

2021-இல், விராலிமலைப் பக்கம் குன்னத்தூரில், காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். திட்டப்படி முதற்கட்டம் காவிரியிலிருந்து வெள்ளாறு வரை. அடுத்தது வைகை வரை. சோழநாட்டுத் தண்ணீர் பாண்டிநாடு போக, எல்லை ஆறே வழிவிட வேண்டும்!

அந்த நாளை எண்ணியபடி மணலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.