மேட்டு விளைகளில் சக்கர நாற்காலி: பெருங்கடவிளையை முன்வைத்து ஒரு வடிவமைப்பு விவாதம்

கேரளத்தின் நெய்யாற்றின்கரையிலிருந்து கிழக்கே பெருங்கடவிளை, வெள்ளறடை, அம்பூரி என்று போகப் போக நிலம் ஏறிக்கொண்டே போகிறது. ரப்பர் நிற்கும் சரிவுகளைத் தட்டுத்தட்டாக வெட்டி வீடு கட்டியிருக்கிறார்கள். சாலை கீழே, வீடு மேலே. நடுவில் வெட்டுக்கல் படிகள் அல்லது செம்மண் தடம். நடக்க இயலாத ஒருவருக்கு மருத்துவமனைப் பாணி நாற்காலி கிடைத்தால், இத்தகைய வீட்டில் அது முற்றத்தோடு நின்றுவிடும். விலை குறைந்த நடமாட்டக் கருவிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘எவ்வளவுக்குச் செய்து முடிக்கலாம்’ என்பதில்தான் தொடங்குகிறது. வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடக்க இயலாதவர் பிறர் உதவியின்றிப் போய்வர என்ன வேண்டும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். விலைக் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

நிலத்தின் கணக்கை முதலில் பார்ப்போம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று கொள்வோம். பொதுக் கட்டடங்களில் சாய்தளத்துக்கு வழக்கமாக வைக்கும் வரம்பு 12-க்கு 1. அதில் ஏற, ஈர்ப்பை எதிர்ப்பதற்கு மட்டுமே ஏறத்தாழ 74 நியூட்டன் விசை, அதாவது ஏழரை கிலோவைத் தூக்கும் அளவு, இடைவிடாமல் தேவை. 6-க்கு 1 ஆகச் சரியும் தடத்தில் அது ஏறக்குறைய இரட்டிக்கும். சரிவைவிடத் தொல்லை தருவது கல். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள முன்சக்கரம் 5 சென்டிமீட்டர் உயரக் கல்லில் முட்டினால், அந்தச் சக்கரத்தின் மேல் இறங்கும் பாரத்தைப் போல 1.7 மடங்கு விசையால் தள்ளினால்தான் ஏறும். விட்டம் 60 சென்டிமீட்டர் என்றால் 0.66 மடங்கு போதும். மருத்துவமனைத் தளத்துக்கென்று வைத்த சிறு சக்கரத்தை எவ்வளவு மலிவாகச் செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஏமஸ் வின்டர் குழுவினர் உருவாக்கிய நெம்புகோல் நாற்காலி மேடும் கல்லும் தரும் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. மூன்று சக்கரம், நீண்ட அடித்தளம், கையால் இழுத்துத் தள்ளும் இரு நெம்புகோல்கள். மேட்டில் நெம்புகோலின் மேல்நுனியைப் பிடித்தால் விசை கூடும். சமதரையில் கீழே பிடித்தால் வேகம் கூடும். கியர் மாற்றும் வேலையைக் கையே செய்துவிடுகிறது. அசையும் பாகங்கள் சைக்கிள் கடையில் கிடைப்பவை. முதல் மாதிரியைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் கொடுத்துப் பார்த்தபோது, வெளியே நன்றாக ஓடிய வண்டி வீட்டுக்குள் அகலமாகவும் கனமாகவும் இருந்தது. பயன்படுத்தியவர்கள் சொன்னதைக் கேட்டு அதைக் குறுக்கி, எடையைக் குறைத்து, அடுத்த மாதிரியைச் செய்தார்கள். வடிவமைப்பின் உயிர் இந்தத் திரும்பிப்போதலில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எத்தனை நாள் ஓட்டிப் பார்த்தாலும் ஒரு குடும்பத்தின் கதவு அகலம் தெரியவராது.

நம் நாட்டின் முன்னோடிச் சான்று ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால். 1968 வாக்கில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து வடித்தது. அதுவரை பொருத்தப்பட்ட மேலைநாட்டுப் பாதம் செருப்பு, ஷூவுக்குள் அடங்க வேண்டியது. அதை வைத்துக்கொண்டு குந்தவோ, சம்மணம் போடவோ, வயல் சேற்றில் வெறுங்காலோடு இறங்கவோ முடியாது. தரையில் உட்காரும் வாழ்க்கையை முதல் நிபந்தனையாக வைத்ததால்தான் வடிவமும் மாறியது, பொருளும் மாறியது: மரமும் ரப்பரும் அச்சில் அடுக்கி வேகவைக்கப்பட்டன. மலிவு அதன் விளைவாக வந்தது.

ரப்பர் விளையும் இந்த ஊரில் ஒரு சிறு பொருளைத் தனியே கவனிக்க வேண்டும். ஊன்றுகோலின் அடியில் செருகும் ரப்பர் புஷ். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. வெட்டுக்கல் படியில் பாசி பிடித்துவிடுகிறது. புஷ்ஷின் பள்ளங்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழுவழுப்பானதும் கோல் நழுவுகிறது. இடுப்பெலும்பு முறிவதற்கு அந்த ஒரு நழுவல் போதும். கருவியில் மிக மலிவான பாகமும் முதலில் தேய்வதும் இதுதான். மாற்று கேட்டால் நகரத்து மருத்துவக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. டயர் ரீட்ரெடிங் பட்டறைக்காரருக்கு ரப்பரை அச்சில் வேகவைக்கத் தெரியும். தரமான அச்சு ஒன்றும் கலவைக் குறிப்பும் கொடுத்தால் வேலை பக்கத்திலேயே முடியும். முதலில் தேய்வது எது, அதை மாற்றத் தெரிந்த கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் வரைபடத்திலேயே குறிக்காத வடிவமைப்பைக் குறைந்த விலை வடிவமைப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உள்ளூர்ப் பட்டறையை நம்பினால் பாதுகாப்பு போய்விடும் என்ற மறுப்பு கனமானது. பற்றவைப்பு விட்டுப்போன சட்டம் சரிவில் ஆளைக் கவிழ்க்கும்; தவறான மெத்தை படுக்கைப்புண் தரும். ஆகவே சட்டத்தையும் இருக்கையையும் ஆலையே செய்யட்டும், தேய்மானப் பாகங்கள் ஊரில் இருக்கட்டும் என்று பிரிப்பதே சரி. கடும் சோதனை நம்மால் முடியாத காரியமல்ல. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இதய வால்வின் முந்தைய மாதிரிகளைச் சோதனையில் தோற்றதும் கைவிட்டு, நான்காவது மாதிரியைத்தான் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. ஆலையில் செய்வதால் விலை ஏறியே தீர வேண்டும் என்பதும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. 2019-இல் வெளியிட்ட ‘அரைஸ்’ நாற்காலி, உட்கார்ந்திருப்பவர் தானே எழுந்துநிற்க உதவுவது. ஏறத்தாழ 15,000 ரூபாய்க்கு அது வந்தது. ஆய்வுக்கூடமும் ஆலையும் கைகோத்தால் விலை இறங்கும் என்பதற்கு அது சான்று.

நிலத்தை அளப்பது யார்? கேரளம் 2008-இல் வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகளின் துணையோடு வீடு தேடிப்போகும் செவிலியர் இன்று இருக்கிறார். படுத்திருப்பவரின் கட்டில், கதவு, படி எல்லாம் அவர் கண்ணில் படுபவை. அவர் பையில் ஓர் அளவுநாடாவும் ஒரு பக்கப் படிவமும் இருந்தால் போதும்: தடத்தின் அகலம், படியின் உயரம், எத்தனை படி, சாலைவரை தூரம், மழையில் வழுக்கும் இடம். உள்ளாட்சிகள் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வழங்குவது நல்ல திட்டம். வீட்டிலிருந்து அந்த ஸ்கூட்டர் நிற்கும் இடம்வரை உள்ள தடத்தையும் அதே திட்டச் செலவில் சேர்க்க வேண்டும். கைப்பிடிக் கம்பியும் சீர்செய்த படியும் நடமாட்டக் கருவிகளே. கருவிகளுக்கான டெண்டரில் அலகு விலையோடு முன்சக்கரத்தின் குறைந்தபட்ச விட்டம், உதிரிப் பாகங்கள் கிடைக்கும் தூரம், ஒரு முழு மழைக்காலம் பயனாளியின் வீட்டில் ஓட்டிப் பார்த்த பதிவு ஆகிய மூன்றையும் கேட்பதற்கு, பிளாக் பஞ்சாயத்து அளவிலேயே தொடக்கம் குறிக்கலாம்.