குறியிட்டுக் காத்தல்: வலைப்பக்க மொழியின் வரலாறு

ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் ஓர் உண்மையை நன்கு அறிவர். அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்பது எளிதில் விளங்காது. பாட்டு முடியும் இடமும் உரை தொடங்கும் இடமும் ஒரே ஓட்டமாகக் கீறப்பட்டிருக்கும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, மூலம் இன்னது, உரை இன்னது, உரையில் வரும் மேற்கோள் இன்னது எனப் பிரித்தறிவதே பெரும்பணியாக இருந்தது. எழுத்துகள் எல்லாம் கண்முன் இருந்தன. எந்த எழுத்து எதற்குரியது என்ற குறிப்பு இல்லை. அக்குறிப்பை மீட்டுத் தருவதற்கே ஒரு பேரறிஞரின் உழைப்பு வேண்டியிருந்தது.

எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அதன் தன்மையைச் சொல்லும் குறியும் உடன் இருக்கவேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம். கணினித் திரையில் நாம் நாள்தோறும் காணும் வலைப்பக்கங்களுக்கு அடிப்படையாக விளங்கும் எச்.டி.எம்.எல். என்னும் மொழி இப்பாடத்தின்மேல் எழுந்ததே ஆகும். மீயுரைக் குறியிடு மொழி என்று அதனைத் தமிழில் கூறலாம். அது தோன்றி வளர்ந்த வரலாற்றையும், இன்று அதனைப் புதிதாகக் கற்கப் புகுவோர் முதலில் பற்றிக்கொள்ள வேண்டியது எது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

அச்சுக்கூடங்களில் பதிப்பாசிரியர் கையெழுத்துப் படியின் ஓரத்தில் குறிப்பெழுதுவது பழைய வழக்கம். ‘இவ்வரியைப் பெரிய தடித்த எழுத்தில் கோர்க்க’ என்பது போன்ற குறிப்புகளைக் கண்டு அச்சுக்கோப்பவர் வேலை செய்வார். கணினியில் ஆவணங்களைச் சேமிக்கத் தொடங்கியபோது இவ்வழக்கம் அங்கும் நுழைந்தது. 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சட்ட ஆவணங்களைக் கையாளும் முறையை ஆராய்ந்த சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் இதனை மாற்றி எண்ணினர். ‘தடித்த எழுத்து’ என்று குறிப்பதைவிட ‘இது தலைப்பு’ என்று குறிப்பதே சிறந்தது என அவர்கள் கண்டனர். தலைப்பு என்று தெரிந்துவிட்டால், அதனைத் தடித்த எழுத்தில் அச்சிடுவதா, தனிப் பட்டியலில் சேர்ப்பதா என்பதைப் பின்னர் முடிவு செய்துகொள்ளலாம் அன்றோ? அவர்கள் வகுத்த ஜி.எம்.எல். என்னும் முறையின் பெயரில் மூவருடைய பெயர்களின் முதலெழுத்துகளும் அடங்கியுள்ளன. அதிலிருந்து விரிந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இல் அனைத்துலகத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது.

இனி நாம் ஜெனீவா நகருக்குச் செல்லவேண்டும். அந்நகருக்கு அருகில், சுவிட்சர்லாந்து பிரான்சு எல்லையில், சேர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடம் உள்ளது. பல நாட்டு அறிஞர்கள் அங்கு வருவர். ஈராண்டு போலத் தங்கி ஆய்வு செய்வர். பின்னர்த் தத்தம் நாடு திரும்புவர். அவர்களோடு அவர்கள் அறிந்தவையும் போய்விடும். எஞ்சிய குறிப்புகளோ வெவ்வேறு வகைக் கணினிகளில் ஒன்றோடொன்று தொடர்பின்றிக் கிடந்தன. இக்குறையைப் போக்க, அங்குப் பணியாற்றிய ஆங்கிலேயரான டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் ஒரு திட்டம் எழுதினார். தெளிவில்லை, ஆயினும் ஆர்வமூட்டுகிறது என்னும் கருத்துப்பட அவருடைய மேலாளர் மைக் செண்டால் அதன் தலைப்பில் குறித்தார். ஆக, இடம்பெயர்வோரால் அறிவு சிதறிப்போகும் கவலையிலிருந்தே வலை பிறந்தது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இக்கவலை புதியதன்று.

1990ஆம் ஆண்டின் இறுதிக்குள் நெக்ஸ்ட் என்னும் கணினியில் முதல் வலைப்பக்கமும், அதனைக் காட்டும் உலாவியும், பக்கங்களை அனுப்பித் தரும் வழங்கியும் இயங்கலாயின. அக்கணினியை எவரும் அணைத்துவிடக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதிய சீட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டியிருந்தனர். அந்த ஒரு கணினி நின்றால் உலகின் வலை முழுவதும் நின்றுவிடும் என்ற நிலை அன்று இருந்தது! 1991 ஆகஸ்ட்டில் இத்திட்டம் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த சிறு குறிப்பொன்றில் பதினெட்டுக் குறிச்சொற்களே விளக்கப்பட்டிருந்தன. தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு என்பனவே அவற்றுள் முதன்மையானவை. எஸ்.ஜி.எம்.எல். முறையைப் பின்பற்றி, கோண அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லை இட்டுத் தொடங்குவதும், சாய்கோடு சேர்த்த அதே சொல்லால் முடிப்பதும் இம்மொழியின் இலக்கணம்.

இதனினும் ஆற்றல் மிக்க முறைகள் அக்காலத்தில் இருந்தன. ஆயினும் இதுவே நிலைபெற்றது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இம்மொழியில் எழுதத் தனிக் கருவி ஏதும் வேண்டியதில்லை; எழுத்துகளைச் சேமிக்கும் எந்த எளிய செயலியும் போதும். இரண்டாவது, இது பிழை பொறுக்கும் இயல்புடையது. உலாவி தனக்குத் தெரியாத குறிச்சொல்லைக் கண்டால் அதனை விட்டுவிட்டு உள்ளிருக்கும் உரையைக் காட்டும். ஒரு பிழைக்காகப் பக்கம் முழுவதையும் மறுக்காது. மூன்றாவது, எந்தப் பக்கத்தின் மூலத்தையும் எவரும் திறந்து பார்க்கலாம். திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் மணலில் எழுதிய எழுத்தின்மேல் மாணவன் விரலை ஓட்டிப் பழகியது போல, பிறர் எழுதிய பக்கத்தைப் பார்த்துப் படியெடுத்து, சிறிது மாற்றி, விளைவைக் கண்டு, பல்லாயிரவர் ஆசிரியரின்றியே இதனைக் கற்றனர்.

இவற்றோடு ஒரு கொடையையும் சேர்க்கவேண்டும். கோஃபர் என்னும் வேறொரு முறை அக்காலத்தில் செல்வாக்குடன் விளங்கியது. அதனை உருவாக்கிய மினசோட்டா பல்கலைக்கழகம் 1993இல் வழங்கி மென்பொருளுக்குக் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்ததும் பலர் தயங்கி விலகினர். அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று சேர்ன் ஆய்வுக்கூடமோ வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. கற்பவனிடம் காசு கேளாத கல்வியே ஊர்தோறும் பரவியது.

பரவியபோது ஒரு தடுமாற்றமும் நேர்ந்தது. 1993இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா ஆகியோர் உருவாக்கிய மொசைக் உலாவி உரையோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. மக்கள் பெருங்கூட்டமாக வலைக்கு வந்தனர். வந்தவர்கள் அழகு வேண்டினர். உலாவி நிறுவனங்கள் போட்டியிட்டு, எழுத்துருவுக்கு ஒரு குறிச்சொல், நிறத்துக்கு ஒன்று எனச் சேர்த்துக்கொண்டே சென்றன. ‘இது என்ன’ என்று சொல்லப் பிறந்த மொழி, ‘இது எப்படித் தோன்றவேண்டும்’ என்று சொல்லத் தலைப்பட்டது. கணக்கு அட்டவணைக்கென அமைந்த குறிச்சொல்லைப் பக்க அலங்காரத்துக்குப் பயன்படுத்தும் பழக்கமும் எங்கும் பரவியது.

இதற்கு மாற்று வழி கண்டவர் நார்வே நாட்டு ஹோகன் வியும் லீ. தோற்றத்தை மட்டும் தனியே எழுதிவைக்கும் சி.எஸ்.எஸ். என்னும் முறையை 1994 அக்டோபரில் அவர் முன்மொழிந்தார்; 1996 டிசம்பரில் அது தரமாக ஏற்கப்பட்டது. பக்கத்துக்கு இயக்கம் தரும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். பொருளுக்கு எச்.டி.எம்.எல்., தோற்றத்துக்குச் சி.எஸ்.எஸ்., இயக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற முப்பிரிவு இவ்வாறு அமைந்தது. 1997 டிசம்பரில் வெளியான நான்காம் பதிப்பு எழுத்துருக் குறிச்சொல்லைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. 2014இல் தரமாக ஏற்கப்பட்ட ஐந்தாம் பதிப்பு, கட்டுரை, வழிகாட்டி, அடிக்குறிப்பு என்றாற்போன்ற பொருள்சுட்டும் சொற்களை மேலும் சேர்த்தது.

இவ்வரலாறு தமிழரைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டது. உலகெங்கும் தமிழ்ப் பக்கங்கள் எழுந்தன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்தே இல்லை! கணினி அறிந்தது ஐரோப்பிய எழுத்துகளையே. அவ்வெழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துருவால் அவற்றைத் தமிழாகக் காட்டினர். அகத்தே வேற்றெழுத்து, புறத்தே தமிழ்க்கோலம். இதழுக்கு ஓர் எழுத்துரு, நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு என்று பெருகின. எழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கம் பொருளற்ற குறிகளின் குவியலாயிற்று. நாளடைவில் எழுத்துரு மறைந்தபோது பக்கமும் படிக்க இயலாததாயிற்று. தோற்றத்தைப் பொருளாகக் கொண்டதன் விலை அது.

இந்நிலையை மாற்றப் பலர் உழைத்தனர். தமிழன்பர்கள் கூடி டிஸ்கி என்னும் பொதுக்குறியீட்டை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் தரம் அமைந்தது. 1991இலேயே யூனிகோட் தன் முதற்பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதியை ஒதுக்கியிருந்தது. கணினிகள் அதனை ஏற்றபின் தமிழ் தமிழாகவே சேமிக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தொடக்கத்தில் டிஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றிக் காத்தது. மாற்றுவார் இல்லாத பக்கங்கள் மறைந்தன. மாற்றுவார் இருந்தவை வாழ்கின்றன.

ஆதலின், புதிதாகக் கற்பவர் வண்ணத்தையும் அசைவையும் பின்னுக்குத் தள்ளி, ஐந்தே செய்திகளை முதலில் பழகுதல் நன்று. பக்கத்தின் முதல் வரியில் இஃது எச்.டி.எம்.எல். ஆவணம் என அறிவித்தல் ஒன்று. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை ‘டி’, ‘ஏ’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளால் குறித்தல் இரண்டு. பார்வையற்றோர்க்கு உரையைப் படித்துக் காட்டும் கருவி இதனைக் கொண்டே தமிழ் ஒலிப்பைத் தேர்கிறது. எழுத்துக்குறியீடு யூ.டி.எஃப்-8 எனச் சுட்டுதல் மூன்று. தலைப்பைத் தலைப்பு என்றும் பத்தியைப் பத்தி என்றும் பட்டியலைப் பட்டியல் என்றும் உரிய சொல்லால் குறித்தல் நான்கு. படம் இருப்பின் அஃது இன்ன படம் எனச் சொல்லால் எழுதிவைத்தல் ஐந்து. இவ்வைந்தையும் விடுமுறை நாள் ஒன்றில் கற்றுவிடலாம். ஏனையவற்றை வாழ்நாள் முழுதும் கற்கலாம்.

இன்று இயந்திரங்களே நிரல் எழுதித் தருகின்றனவே, நாம் ஏன் கற்கவேண்டும் என்று இளைஞர் வினவக்கூடும். எழுதித் தருவது உண்மைதான். தந்தது சரியா என்று பார்க்கும் கண் நமக்கு வேண்டும் அன்றோ? தன் பத்திரத்தைத் தானே படிக்க அறிந்தவனை எழுத்தர் ஏமாற்ற இயலாது.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் இல்லங்களில் தமிழ் பேசுவார் உளர். எழுதுவார் அருகி வருகின்றனர். நம் சங்கங்களின் பழைய மலர்கள் அலமாரிகளில் பழுத்து உதிர்கின்றன. அவற்றில் எழுதியோர் பலர் இன்றில்லை. அவர் அறிந்தவை அத்தாள்களில் மட்டுமே உள்ளன. ஈராண்டு தங்கிச் செல்வோரின் அறிவு சிதறக்கூடாது என்று ஜெனீவாவில் ஒருவர் கவலைப்பட்டார். மூன்று தலைமுறை தங்கியோரின் அறிவைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாமா? பாட்டி படித்துச் சொல்ல, பேத்தி தட்டச்சிட்டுத் தலைப்புக்கும் பத்திக்கும் குறியிடுவாளாயின், வாரம் ஒரு கட்டுரை வலையேறும். பேத்திக்கு இரண்டு மொழிகள் வாய்க்கும்: ஒன்று வலையின் மொழி, மற்றொன்று தாய்மொழி.