தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: ஜொகூர் கண்ட பாதைகள்



பல்கலைக்கழகம் என்றவுடன் நம் கண்முன் வருபவை பெரிய கட்டடமும், கறுப்பு அங்கியும், பட்டச் சுருளும்தாம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள், அங்கே வேலை செய்பவர்கள் எப்படி வந்து திரும்புகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. ஆனால், நம் ஜொகூர் மாநிலத்துத் தோட்டப் பிள்ளைகளின் கல்வி வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், பணத்துக்கு அடுத்தபடியாக அவர்களை மறித்து நின்றது பாதைதான் என்பது விளங்கும். அந்தப் பாதையின் கதையை இன்று பார்ப்போம்.

முதலில் நம் தோட்டத்தின் அமைப்பை நினைத்துக்கொள்வோம். பால்மரக் காட்டுக்கு நடுவே லயங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி, கோயில், ஒரு மளிகைக் கடை. வேலைக்குப் போகிறவர் பெரட்டுக் களத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆறாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளையும் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். ஆள் தோட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டிய தேவையே இல்லாதபடி அமைந்த இடம் அது. வெளியே போக வேண்டுமென்றால், செம்மண் சாலையில் இரண்டு மைல், மூன்று மைல் நடந்தால்தான் பெரிய சாலை வரும். மழைக்காலத்தில் அந்தச் செம்மண் சேறாகிவிடும்.

இந்தத் தோட்டங்களுக்கு வெளியுலகத்தைத் திறந்துவிட்ட முதல் பாதை இரயில் பாதை. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை அமைக்கப்பட்ட பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று வரிசையாக நிலையங்கள் எழுந்தன. தோட்டங்களும் இந்தப் பாதையை ஒட்டிப் பெருகின. ஆனால், அந்நாளில் இரயில் வந்தது இரப்பரை ஏற்றிச் செல்லவும், ஆட்களைக் கொண்டுவரவுந்தான். நம் பிள்ளைகளை உயர்கல்விக்கு ஏற்றிச் செல்லும் நாள் வெகு தொலைவில் இருந்தது.

அடுத்தது கடற்பாலம். அதற்கு முன்னர் ஜொகூர் நீரிணையைப் படகில்தான் கடக்க வேண்டும். இரயில் பெட்டிகளையும் மிதவையில் ஏற்றித்தான் கொண்டு போனார்கள். 1919இல் வேலை தொடங்கி, 1923இல் பாலத்தின்மேல் இரயில் ஓடியது. 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறப்பு விழா நடந்தது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளந்தான். ஆயினும் அந்த ஒரு கிலோமீட்டர் ஜொகூர் மாணவர்களுக்கு மிகப் பெரிய உதவியாயிற்று. ஏனென்றால், உயர்கல்வி அந்தக் கரையில் இருந்தது. 1905இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியும், 1928இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய இராபிள்ஸ் கல்லூரியும் சிங்கப்பூரில் இருந்தன. இவ்விரண்டும் இணைந்து 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1956இல் அங்கே இந்திய இயல் துறை தொடங்கப்பட்டது. தமிழைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வழி பிறந்தது.

இராபிள்ஸ் கல்லூரி இருந்த இடத்தைக் கவனியுங்கள். கடற்பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் வழியாக நகருக்குள் செல்லும் பழைய பெருஞ்சாலை புக்கிட் தீமா சாலை. அந்தச் சாலை ஓரத்திலேயே கல்லூரி வளாகம். ஜொகூர் பாருவில் வீடு உள்ள மாணவர் காலையில் பேருந்து ஏறி அங்கே இறங்கி, மாலையில் வீடு திரும்ப முடியும். தொலைவில் உள்ளவர்க்கு விடுதி உண்டு. ஆகவே ஜொகூர் பாரு நகரத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால், குளுவாங் தோட்டத்துப் பிள்ளை அந்தப் பேருந்தில் ஏறவில்லை. அவனுடைய பயணம் ஆறாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. இடைநிலைப்பள்ளி பட்டணத்தில் இருந்தது. அதற்கு நுழைவுத் தேர்வும் இருந்தது. பாலம் கட்டி முடிந்து முப்பது ஆண்டுகளான பிறகும், லயத்திலிருந்து பெரிய சாலைக்கு வரும் மூன்று மைலுக்கு வழி பிறக்கவில்லை.

பிறகு காலம் மாறிற்று. 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குக் கோலாலம்பூரில் தனி வளாகம் வந்தது. 1962இல் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அவை இரு வேறு பல்கலைக்கழகங்கள் ஆயின. 1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று; 1967இல் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. ஜொகூர் மாணவர் வடக்கு நோக்கித் திரும்பினார். குளுவாங்கில் இரவு இரயில் ஏறினால் விடியும்போது கோலாலம்பூர். நாள்தோறும் போய்வரும் பேச்சுக்கே இடமில்லை. விடுமுறைக்கு மட்டுந்தான் வீடு. குளுவாங் இரயில் நிலையத்துக் காப்பிக்கடை 1938 முதல் இருந்து வருவது. மகனை இரயில் ஏற்றிவிட வந்த எத்தனை பெற்றோர் அங்கே உட்கார்ந்திருப்பார்களோ!

இதே காலத்தில்தான் தோட்டத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1964இல் இடைநிலைப்பள்ளிக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டு புகுமுக வகுப்பில் படித்து, முதலாம் படிவத்துக்குச் செல்லலாம் என்றாயிற்று. தேர்வு என்ற வேலி போனதும், பாதை என்ற வேலி தெரியத் தொடங்கியது. பட்டணத்துப் பள்ளிக்குப் போக வேண்டுமே! சில தோட்டங்களில் தோட்ட லோரி பிள்ளைகளை ஏற்றிச் சென்றது. சில இடங்களில் சைக்கிள். சில இடங்களில் அப்பா பால்மரம் வெட்டப் போகும் முன்பே பிள்ளையைப் பெரிய சாலையில் விட்டுவிட்டுப் போவார். பெண்பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள். இருட்டில் தனியே எப்படி அனுப்புவது என்ற பெற்றோரின் அச்சத்தை நாம் குறை சொல்ல முடியாது.

இனி ஸ்கூடாய்க்கு வருவோம். கோலாலம்பூரில் 1904இல் தொடங்கிய தொழில்நுட்பப் பள்ளி வளர்ந்து, 1946இல் கல்லூரியாகி, 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது. தலைநகரில் இடம் போதவில்லை. பொறியியல் கூடங்களுக்கும் ஆய்வுக் கூடங்களுக்கும் விரிந்த நிலம் வேண்டும். ஆகவே ஜொகூர் பாருவிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் ஸ்கூடாய் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1985இல் அங்கே வளாகம் முறைப்படி திறக்கப்பட்டது. ஜொகூர் பிள்ளை எல்லை தாண்டாமல், கோலாலம்பூர் போகாமல், தன் மாநிலத்திலேயே பட்டம் பெறும் வாய்ப்பு கிட்டியது.

அந்த வளாகத்தின் பரப்பு ஆயிரம் ஹெக்டருக்கும் மேல். அதாவது, 2,500 ஏக்கருக்கும் மேல்! பெரியதொரு தோட்டத்தின் அளவு என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். தோட்டத்தில் ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் அங்கே விடுதிக்கும் வகுப்பறைக்கும் இருக்கலாம். மேடும் பள்ளமுமான நிலம் வேறு. ஆகவே வளாகத்துக்குள்ளேயே பேருந்து ஓட வேண்டியதாயிற்று. விரிந்த நிலத்தைத் தேடி நகரைவிட்டு வெளியே வந்த பல்கலைக்கழகம், அதற்கான விலையைப் போக்குவரத்தில் செலுத்தியது.

இங்கே ஒரு கணக்கு. ஒரு மாணவி வீட்டிலிருந்தே போய்வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடும் நேரம் நாற்பது நிமிடம். மணிக்கு ஒரு பேருந்துதான் வரும் என்றால், அதை இரண்டு நிமிடத்தில் தவறவிட்டால் ஒரு மணி நேரம் போயிற்று. எட்டு மணி வகுப்பும் போயிற்று. இரண்டு வண்டி மாற வேண்டும் என்றால் இந்த ஆபத்து இருமடங்கு. ஆகையால் பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்பதைவிட, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பதே முதன்மையான கேள்வி. விடியுமுன் வேலைக்கு வரும் துப்புரவுப் பணியாளருக்கும், சமையற்கூட ஊழியருக்கும், காவலாளிக்கும் இது இன்னும் பொருந்தும். முதல் பேருந்து புறப்படுமுன்னே அவர்களுடைய வேலை தொடங்கிவிடுகிறது. இருட்டில் நெற்றி விளக்கோடு பால்வெட்டுக்குப் போன நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேருந்து சரியாக வராத இடத்தில் மோட்டார் சைக்கிள் வந்தது. நம் இளைஞர்களுக்கு அது பெரிய விடுதலை. செம்மண் சாலையும் பெருஞ்சாலையும் ஒரே வண்டியில் முடிந்துவிடுகிறது. ஆனால், நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பின் ஊர்கள் நெருங்கி வந்தன. வண்டிகளின் வேகமும் கூடிற்று. படிக்கப் போன பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதும் போக்குவரத்துக் கணக்கில் சேர்ந்ததே.

பத்துபகாட்டை அடுத்த பாரிட் ராஜாவிலும் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. 1993இல் பயிற்சி மையமாகத் தோன்றி, 2007இல் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே இரயில் இல்லை. எல்லாம் சாலை வழிதான். ஜொகூர் மாநில அரசு 2016இல் கட்டணமில்லாப் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. கெமாஸுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே இரட்டைப் பாதை போடப்பட்டு, 2025 டிசம்பரில் மின் இரயில் ஜொகூர் பாரு வரை வந்தது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால், வரலாறு நமக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பாலம் வந்தது, இரயில் வந்தது, பல்கலைக்கழகமே வந்தது. ஒவ்வொரு முறையும் நம் பிள்ளையைத் தடுத்தது வீட்டு வாசலிலிருந்து பெரிய சாலை வரையிலான அந்தச் சிறிய தொலைவே.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஸ்கூடாய்ப் பக்கத்தில் ரினி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் வீடுகள் சூழ்ந்த பின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. உள்தள்ளிய தோட்டங்களில் இன்னும் வாழும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்றே மூன்றைக் கேட்டறிந்து எழுதிவைப்போம்: விடுதியில் இடம் எத்தனை ஆண்டுக்கு? முதல் பேருந்தும் கடைசிப் பேருந்தும் எத்தனை மணிக்கு? வீட்டிலிருந்து பேருந்து நிற்குமிடம் வரை யார், எப்படிக் கொண்டுபோய் விடுவது? மூன்றாவது கேள்விக்கு ஒரு குடும்பம் தனியே விடை காண முடியாவிட்டால், நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக ஊராட்சி மன்றத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் பேருந்து நிறுத்தம் கேட்டு எழுதலாம். அப்படி எழுதும்போது எத்தனை மாணவர், எத்தனை தொழிலாளர், எந்த நேரத்தில் போகிறார்கள் என்ற கணக்கையும் சேர்த்தே எழுதுவோம். கணக்கோடு போகும் மனுவைத் தள்ளிவைப்பது எளிதன்று.