ஏசோயிக்

ஏசோயிக் என்பது 'உயிரினங்கள் அற்ற' என்னும் பொருள் தரும் ஆங்கிலப் பெயரடை ஆகும். 19ஆம் நூற்றாண்டில் நிலவியலிலும் கடலியலிலும் வழங்கிய இச்சொல் இன்று அரிதாகவே பயன்படுகிறது.

சொற்பிறப்பு

கிரேக்க மொழியில் 'சோயே' என்பது உயிர் வாழ்வைக் குறிக்கும். அதன் முன் சேரும் 'அ' எதிர்மறை முன்னொட்டு ஆகும். அதர்மம், அநீதி ஆகிய வடசொற்களின் முதலில் உள்ள 'அ' இதே பொருளைத் தருவது ஒப்பிடத்தக்கது.

நிலவியலில்

1840-களில் நிலவியலாளர் ராடரிக் மர்ச்சிசன், புதைபடிவங்கள் காணப்படாத மிகப் பழைய பாறைகளை இச்சொல்லால் குறித்தார். பின்னர் மிகப் பழைய பாறைகளிலும் நுண்ணுயிர்களின் சுவடுகள் கண்டறியப்பட்டதால் இவ்வழக்கு மறைந்தது.

கடலியலில்

இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1841இல் 'பீக்கன்' என்னும் கப்பலில் ஏஜியன் கடலுக்குச் சென்று, கடலடியை வாரி எடுத்து ஆராய்ந்தார். ஆழம் கூடக் கூட உயிரினங்கள் குறைவதைக் கண்டார். அவர் வாரிய மிகுந்த ஆழம் ஏறத்தாழ 420 மீட்டர். ஆயினும் அக்குறைவைக் கணக்கிட்டு, சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிரினங்களே இருக்காது எனக் கருதினார். இது 'ஏசோயிக் கருதுகோள்' எனப் பெயர் பெற்றது. ஒளியற்ற, கடும் அழுத்தமுள்ள ஆழ்கடலில் உயிர்கள் வாழ இயலாது என்ற எண்ணம் இதற்கு வலுச் சேர்த்தது.

ஏஜியன் கடல் ஊட்டச்சத்துக் குறைந்தது. அங்கு உயிரினங்கள் இயல்பாகவே குறைவு. ஒரு கடலில் கண்டதை எல்லாக் கடல்களுக்கும் பொருத்தியதே இங்கு நேர்ந்த பிழை. மேலும், 1818இலேயே ஜான் ராஸ் பாஃபின் விரிகுடாவில் ஆழம் அளந்தபோது, 1000 மீட்டருக்கும் கீழே சென்ற கயிற்றில் உடுமீன் இனத்தைச் சார்ந்த உயிரினம் ஒன்று சிக்கி வந்திருந்தது. அச்சான்று போதிய கவனம் பெறவில்லை.

மறுப்பு

1860இல் சார்டினியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையே பழுதடைந்த தந்திக் கம்பி, சுமார் 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே எடுக்கப்பட்டது. அதன்மீது பவளம் முதலிய உயிரினங்கள் ஒட்டி வளர்ந்திருந்தன. 1869இல் வைவில் தாம்சன் குழுவினர் 'போர்குபைன்' கப்பலிலிருந்து 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உயிரினங்களை எடுத்தனர். 1872 முதல் 1876 வரை நடந்த 'சேலஞ்சர்' கடற்பயணம் ஆழ்கடல் வாழ்வை ஐயமற நிறுவியது.

இன்றைய வழக்கு

மாசுபாட்டால் விலங்குகள் எவையும் எஞ்சாத கடலடிச் சேற்றுப் பகுதிகளைக் குறிக்க ஆய்வாளர்கள் இச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர். அப்பகுதிகளில் மாதிரிகளை எடுத்துச் சோதித்த பின்னரே இப்பெயர் இடப்படுகிறது. இதுவரை காணப்படாததை இல்லை என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இச்சொல்லின் வரலாறு சான்றாகும்.